தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா? டெண்டர் இல்லாத ராணுவக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு எந்தக் கண்காணிப்பு?

போர் வரப்போகிறது, எண்ணெய்க் கிணறுகள் பற்றி எரியலாம், டெண்டர் விட்டு நாலு கம்பெனிகளின் விலையைப் பிரித்துப் பார்த்து வேலை கொடுக்க நேரம் இல்லை. அப்போது ஒரே ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு "நீ செய்" என்று சொல்வது தப்பா? தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த விஷயத்தில் எல்லோரும் "டெண்டர் விட்டார்களா, விடவில்லையா" என்பதிலேயே சண்டை போட்டு முடித்துவிடுகிறார்கள். டெண்டர் விடவில்லை, சரி, அப்புறம் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு யாரும் வருவதில்லை. வரிப்பணம் ஒழுகுவது பெரும்பாலும் அந்த "அப்புறம்" பகுதியில்தான்.

அமெரிக்கச் சட்டமும் டெண்டர் இல்லாத ஒப்பந்தத்தை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. 1984-ல் வந்த ஒப்பந்தப் போட்டிச் சட்டம், திறந்த போட்டிதான் பொது விதி என்று வைத்துவிட்டு ஏழு விதிவிலக்குகளைக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்ய ஒரே ஆள்தான் இருக்கிறார், தாங்க முடியாத அவசரம், தேசப் பாதுகாப்பு, பொதுநலன் என்று போகிறது அந்தப் பட்டியல். எதைக் காட்டினாலும் காரணத்தை எழுத்தில் எழுதி, தொகைக்கு ஏற்ற மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காகிதம் ஒப்பந்தம் பிறக்கும் நாளை மட்டும்தான் பார்க்கிறது, பிறந்த பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்ப்பது வேறு வேலை.

அந்த வேறு வேலைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது கொடுத்த காசுக்குப் பலன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். ஒரு நாடாளுமன்றக் குழுவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த முறை இப்படி ஓர் அவசரம் வந்தால் எந்த விதியை வைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நாம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டுமே. அதற்கு 2003-ன் இராக் எண்ணெய் ஒப்பந்தத்தை விட நல்ல கல் கிடையாது. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை 2003 மார்ச் 8 அன்று, போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, எண்ணெய்த் துறைக் கம்பெனியான ஹாலிபர்ட்டனின் கிளை கேபிஆருக்கு, இராக்கின் எண்ணெய்க் கிணறுகளில் தீயை அணைத்து எண்ணெய்க் கட்டமைப்பைச் சீர்செய்யும் வேலையைப் போட்டி இல்லாமல் கொடுத்தது. உச்சவரம்பு 700 கோடி டாலர். காலம் இரண்டு ஆண்டுகள், அதன்மேல் ஒவ்வொன்றாக மூன்று ஆண்டுகள் நீட்டிக்கலாம், ஆக மொத்தம் ஐந்து. துணை அதிபர் டிக் செனி அதே ஹாலிபர்ட்டனின் தலைவராக 2000 வரை இருந்தவர் என்பதால் அரசியல் புகை கிளம்பியது, அது இன்றும் அடங்கவில்லை. அந்தப் புகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் உள்ளே எரிந்தது என்ன என்று தெரியும்.

முதலில், ஏன் கேபிஆர்? 2002 நவம்பரிலேயே, எண்ணெய்க் கிணறுகளுக்கு என்ன ஆனாலும் எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் போட்டுத் தரும் வேலை சுமார் 19 லட்சம் டாலருக்கு கேபிஆரிடம் போனது. அதுவும் தனி ஒப்பந்தமாக இல்லை, ராணுவத்துக்குச் சாப்பாடு, கூடாரம், துணி துவைப்பு போன்ற ஆதரவு வேலைகளைச் செய்ய ஏற்கெனவே இருந்த லாக்கேப் என்ற பொது ஒப்பந்தத்துக்குள் ஓர் உத்தரவாக. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, இது அந்த ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வராது என்று 2004-ல் சொன்னது. அதற்குள் வேலை நடந்து முடிந்துவிட்டது. திட்டம் போட்டவர்களுக்குத்தான் விவரம் தெரியும், அதனால் அவர்களைத் தவிர வேறு யாராலும் உடனே தொடங்க முடியாது என்பதே நியாயமாகக் காட்டப்பட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி. ஒரே ஆள்தான் இருக்கிறார் என்ற விதிவிலக்கு பல நேரம் இப்படித்தான் தயாராகிறது, நாலு மாதம் முன்பு யாரும் கவனிக்காத ஒரு சின்ன உத்தரவில்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல் வழி, பழைய வழி: செலவைக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு கூலி கொடுப்பது, கடைசியில் ஆடிட் செய்வது. போர்க்காலத்தில் என்ன வேலை வரும் என்றே தெரியாதபோது நிலையான விலை சொல்ல எந்த காண்ட்ராக்டரும் வரமாட்டார், வந்தால் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார் என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. இதில் ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. செலவில் இத்தனை சதவீதம் கூலி என்று எழுதினால், அதிகம் செலவழித்தால் அதிகம் கிடைக்கும். முதல் உலகப் போரில் இதை அனுபவித்த பிறகு அமெரிக்கச் சட்டம் அந்த வகை ஒப்பந்தத்தையே தடை செய்தது. இப்போது கூலியை மதிப்பீட்டுச் செலவின் மேல் முன்பே நிர்ணயிக்க வேண்டும், கூலியை ஒரே தொகையாக நிறுத்தும் நிலைக்கூலி வகையில் சாதாரண வேலைக்கு அது மதிப்பீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நல்ல விதி. ஆனால் அந்த மதிப்பீட்டை எப்போது போடுகிறோம்? அங்கேதான் எனக்கு இந்த விஷயம் முதன்முதலில் உறைத்தது. அவசர வேலைகளில் விலையும் நிபந்தனையும் பேசி முடிக்காமலே "தொடங்கு, அப்புறம் எழுதிக்கொள்வோம்" என்று உத்தரவு கொடுப்பார்கள். 180 நாட்களுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இராக் எண்ணெய் ஒப்பந்தத்தின் கீழ் போன பத்து உத்தரவுகளில், மொத்தம் சுமார் 250 கோடி டாலர், ஏறக்குறைய முழுச் செலவும் ஆன பிறகுதான் இறுதி நிபந்தனைகள் எழுதப்பட்டன என்று ஜிஏஓ 2007-ல் கண்டது. யோசித்துப் பாருங்கள். பணம் செலவாகி முடிந்த பிறகு "மதிப்பீடு" என்று ஒன்றைப் போட்டால் அது மதிப்பீடா, பில்லா? அந்தத் தொகையின் மேல் கூலி கணக்கிட்டால், எந்த வகையைச் சட்டம் தடை செய்ததோ அது வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. யாரும் திருட வேண்டிய அவசியம்கூட இல்லை, காலதாமதமே போதும்.

அப்புறம் ஆடிட். பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவு தூங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அதே ஒப்பந்தத்தின் கீழ் குவைத்திலிருந்து இராக்குக்குக் கொண்டுவந்த பெட்ரோலுக்கு 6.1 கோடி டாலர் வரை கூடுதலாக வாங்கியிருக்கலாம் என்று 2003 டிசம்பரிலேயே கையைத் தூக்கினார்கள். மொத்தமாக அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் கேள்வி எழுப்பியதாக ஜிஏஓ கணக்கில் வந்த தொகை 22.1 கோடி டாலர். முடிவு? ராணுவம் மேலும் ஆராய்ந்து பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட முழுவதையும் கொடுத்துவிட்டது. கூலி கணக்கிடும் தொகையிலிருந்து மட்டும் சுமார் 11.2 கோடியைக் கழித்தார்கள், அதனால் கம்பெனிக்குக் கூலியில் வெட்டு விழுந்தது ஏறத்தாழ 58 லட்சம் டாலர். கேள்வி கேட்டது 22 கோடிக்கு, வெட்டியது அரைக் கோடிச் சொச்சம். கொடுத்த அதிகாரிகளைத் திட்டுவது சுலபம், ஆனால் அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் வேறு என்ன செய்திருப்பார்கள்? போர்க்களத்தில் லாரி ஓடியிருக்கிறது, பெட்ரோல் வந்திருக்கிறது, செலவு நிஜமாக ஆகியிருக்கிறது. ஆன செலவைத் தரமாட்டேன் என்று சொல்ல ஒப்பந்தத்தில் பிடி வேண்டும், அந்தப் பிடியை ஆரம்பத்திலேயே விட்டாயிற்று.

ஆடிட்டுக்கு இன்னொரு எல்லையும் உண்டு, கட்டுமான வேலைகளில் அதுதான் பெரியது என்பேன். ஆடிட்டர் பில்லைப் பார்ப்பார், மண்ணைப் பார்க்கமாட்டார். இதே ஒப்பந்தத்தில், குண்டு வீச்சில் உடைந்த அல் ஃபத்தா பாலத்தோடு போன எண்ணெய்க் குழாய்களை டைக்ரிஸ் ஆற்றுக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அந்த மண் துளையிடத் தோதானது அல்ல, இன்னும் ஆய்வு தேவை என்று மண்ணியல் ஆலோசகர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஒதுக்கிய 7.57 கோடி டாலரும் தீர்ந்தபோது முடிந்திருந்தது துளையிடும் வேலையில் 28 சதவீதம். துளையிட்ட துணை ஒப்பந்தக்காரருக்குக் குழாயை மறுகரை சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முயன்றால் போதும் என்பதுபோல ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். இதில் ஒவ்வொரு பில்லும் சரியாகவே இருந்திருக்கலாம்! டீசல் வாங்கியது உண்மை, ஆள் வேலை செய்தது உண்மை, இயந்திர வாடகை உண்மை. தோண்டியிருக்கவே கூடாது என்பதுதான் பிரச்சினை, அதைச் சொல்ல அங்கே ஒரு பொறியாளர் வேண்டும், கணக்காளர் போதாது.

அந்தப் பொறியாளர்களும் ஒப்பந்த அதிகாரிகளும் போதுமான அளவில் இருந்தார்களா என்றால், இல்லை. 2007-ல் இதை ஆராய அமைத்த கான்ஸ்லர் குழு ராணுவத்தின் ஒப்பந்தப் பிரிவைப் பார்த்துவிட்டு, வேலை ஏழு மடங்கு ஏறிவிட்டது, ஆட்கள் ஏறவில்லை என்று எழுதியது. அதனால்தான் "கண்காணிப்பைப் பலப்படுத்துவோம்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், யாரை வைத்து என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, விலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டச் சொல்வது. போட்டி இல்லையென்றால் சந்தை விலை தெரியாது, ஆகவே உன் செலவுக் கணக்கைத் திறந்து காட்டு, அது உண்மை என்று கையெழுத்துப் போடு, பொய் என்று பிறகு தெரிந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். 1962-லிருந்து அமெரிக்காவில் இந்தச் சட்டம் இருக்கிறது. முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் கேள்வி கேட்கும் நேரத்தில் பணம் இன்னும் அரசின் பையில்தான் இருக்கிறது.

ஓட்டைகள் இரண்டு. ஒன்று வரம்பு: குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் கணக்குக் காட்ட வேண்டாம், 2018-ல் அந்த வரம்பு ஏழரை லட்சம் டாலரிலிருந்து 20 லட்சத்துக்கு ஏறியது. வரம்புக்குக் கீழே என்ன நடக்கும் என்பதற்கு டிரான்ஸ்டைம் என்ற உதிரிபாகக் கம்பெனியின் கதை இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2019-ல் எடுத்துப் பார்த்த 47 பாகங்களில் 46-ல் அளவுக்கு மீறிய லாபம், மொத்தம் 1.61 கோடி டாலர், நாடாளுமன்றத்தில் வறுத்தெடுத்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு ஓட்டை விலக்கு. குவைத் பெட்ரோல் விவகாரம் வெளியே வந்த அதே 2003 டிசம்பரில், அந்தப் பெட்ரோலுக்குச் செலவுத் தரவு காட்டத் தேவையில்லை என்று பொறியாளர் படையே விலக்கு அளித்தது. விலை மேல் சந்தேகம் வந்த பொருளுக்கே விலைக் கணக்கு வேண்டாம் என்றால் அந்தச் சட்டம் எதற்கு என்று தெரியவில்லை. விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை வாங்குகிற துறையிடமே வைத்தால் இதுதான் நடக்கும்.

லாபத்தைப் பின்னால் பிடுங்கிக்கொள்வது என்று ஒரு வழியும் இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1942-ல் போர்க்கால லாபத்தை மறுபேரம் பேசும் சட்டம் வந்தது, 1951-ல் அதற்கென்று தனி வாரியம், 1979-ல் அது மூடப்பட்டது. பிரிட்டனில் ஃபெராண்டி கம்பெனி ஏவுகணை ஒப்பந்தத்தில் அளவுக்கு மீறிச் சம்பாதித்து 1964-ல் 42.5 லட்சம் பவுண்டைத் திருப்பிக் கொடுத்த அவமானத்துக்குப் பிறகு அங்கே வேறு பாதை பிடித்தார்கள். 2014 சட்டத்தின்படி, போட்டியில்லாத பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்கு அடிப்படை லாப விகிதத்தைப் பரிந்துரைக்கவும் எந்தச் செலவை ஏற்கலாம் என்று வழிகாட்டவும் ஒரு தனி ஒழுங்குமுறை அலுவலகம் வைத்தார்கள். விதியை வகுப்பவர் வாங்குகிற துறைக்கு வெளியே நிற்கிறார் என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் லாபத்துக்குக் கடிவாளம் போட்டால் லாபம்தான் அடங்கும், ஊதிப்போன செலவு அடங்காது, அல் ஃபத்தாவில் போன காசு லாபமாகப் போன காசு அல்ல.

மூன்றாவது வழி எளிமையானது: அவசரம் என்கிறாயா, எடுத்துக்கொள், ஆனால் நாள் குறித்துக் கொடுக்கிறேன், அதற்குள் டெண்டர் விட்டாக வேண்டும். பாலம்போல ஒரு குட்டி ஒப்பந்தம். இராக் எண்ணெய் விவகாரத்தில் இதைத்தான் பொறியாளர் படையின் தலைமை ஒப்பந்த அதிகாரி பனட்டைன் கிரீன்ஹவுஸ் கேட்டார். ஐந்தாண்டு வரை நீளக்கூடிய அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போடும்போது, ஓராண்டைத் தாண்டினால் போட்டி நடத்தும் எண்ணமே இல்லை என்ற தோற்றம் வரும் என்று தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்தார். பிறகு 2005 ஜூனில் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார், ஆகஸ்டில் பதவி இறக்கப்பட்டார். 2011-ல் அரசு அவருக்கு 9,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அரசியல் அழுத்தம் ஏற ஏற, 2004 ஜனவரியிலேயே, அதாவது பத்தே மாதத்தில், அந்த வேலையை இரண்டாகப் பிரித்துப் போட்டி நடத்திக் கொடுத்துவிட்டார்கள். தெற்கு இராக் 120 கோடி டாலர் உச்சவரம்பில் மறுபடியும் கேபிஆருக்கே, வடக்கு 80 கோடிக்கு பார்சன்ஸ் தலைமையிலான கூட்டுக்கு. பழைய கம்பெனியே பாதியை வென்றது பற்றிச் சிலர் கிண்டல் செய்வார்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஐந்தாண்டு தேவை என்று எழுதியது பத்து மாதத்தில் தேவையில்லாமல் போனது என்பதுதான் விஷயம். 2008 அக்டோபரில் வந்த பாதுகாப்புச் சட்டம், அவசரக் காரணம் காட்டிக் கொடுக்கும் ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியது, துறைத் தலைவர் தனியாக முடிவெடுத்தால் மட்டும் தாண்டலாம். கிரீன்ஹவுஸ் பேனாவால் எழுதியது ஐந்து ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் அச்சானது.

இந்த வழியின் குறை, பாலத்தின் மேலேயே வீடு கட்டிக்கொள்வது. முதல் ஓராண்டு முடியும்போது "இப்போது ஆளை மாற்றினால் வேலை கெடும், மாற்றும் செலவே அதிகம்" என்று அடுத்த பாலம் வரும். 2010-ல் இராக்கிலிருந்து படைகள் திரும்பும் நேரத்தில் ராணுவம் அதே காரணத்தைச் சொல்லித்தான் ஆதரவு வேலைகளைப் போட்டியில்லாமல் பழைய ஒப்பந்தத்திலேயே தொடரவிட்டது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், அதுதான் தொல்லை.

நாலாவது வழி, அவசரம் வரும் முன்பே போட்டியை நடத்தி முடித்து, தகுதியான மூன்று நாலு கம்பெனிகளை வரிசையில் நிறுத்தி வைப்பது. வேலை வந்ததும் அவர்களுக்குள் மட்டும் ஒரு குட்டிப் போட்டி. லாக்கேப் மூன்றாம் சுற்றில், 2001 டிசம்பரில், ஒரே கேபிஆர். நாலாம் சுற்றில் 2007-ல் கேபிஆர், டைன்கார்ப், ஃப்ளூர் என்று மூவர். 2009-ல் ஆப்கானிஸ்தான் வேலைக்கு இந்த வரிசையிலிருந்து வடக்கை ஃப்ளூரும் தெற்கை டைன்கார்ப்பும் பிடித்தன. ஐந்தாம் சுற்றில், 2019-ல், நாலு. இதில் இன்னொரு நன்மை, பக்கத்து மண்டலத்தில் இன்னொருவர் அதே வேலையைச் செய்வதால் விலையை ஒப்பிடக் கையில் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒருவர் சொதப்பினால் அடுத்த உத்தரவு இன்னொருவருக்குப் போகும் என்ற பயமும் இருக்கும். வருடக் கடைசியில் வரும் ஆடிட்டரைவிட அந்தப் பயம் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் வரிசையை அமைக்கவே நாள் பிடிக்கும். 2007-ல் அறிவித்த நாலாம் சுற்று, தோற்ற கம்பெனிகளின் முறையீட்டால் மறு ஆய்வுக்குப் போய் 2008 ஏப்ரலில்தான் உறுதியானது. போர் நடக்கும்போது இதைத் தொடங்கினால் போச்சு. தவிர, வரிசையில் நிற்பவர்களுக்கும் பெரும்பாலும் செலவு போகக் கூலி என்ற முறையில்தான் வேலை, ஆகவே முதல் வழியின் நோய் முழுதாக ஒழிவதில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை வீணாகவும் மோசடியிலும் போயிருக்கும் என்று போர்க்கால ஒப்பந்த ஆணையம் 2011 ஆகஸ்டில் கணக்குச் சொன்னபோது இந்த வரிசை முறை நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

இடையில் ஒன்று. விலைப் போட்டி இல்லாத எல்லாமே சந்தேகத்துக்குரியது என்று நினைத்துவிட வேண்டாம். வடிவமைப்புப் பொறியாளர்களை அமெரிக்க அரசு 1972-லிருந்து விலை பார்த்து எடுப்பதில்லை, முதலில் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகு விலை பேசுகிறது, வடிவமைப்புக் கூலி கட்டுமானச் செலவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு தடுப்பும் உண்டு. மலிவாக வரைந்த வரைபடம் கட்டும்போது பல மடங்கு செலவு வைக்கும் என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆள் முதலில், விலை அப்புறம், ஆனால் வேலை தொடங்கும் முன்பு விலை. அந்தக் கடைசி வரிதான் இராக்கில் இல்லாமல் போனது.

ஆக, அந்தக் குழுவில் எனக்கு ஓர் ஓட்டு இருந்தால், அமைதிக் காலத்தில் நாலாவது வழிக்குப் போடுவேன், அதை வைத்திருக்கச் செலவானாலும் பரவாயில்லை. வரிசையில் யாருமே செய்ய முடியாத வேலை வந்தால் மூன்றாவது வழி, ஓராண்டு, நீட்டிக்க வேண்டுமென்றால் காரணத்தை நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு நீட்டட்டும். 180 நாளுக்குள் நிபந்தனை பேசி முடிக்காவிட்டால் 181-ம் நாளிலிருந்து ஆகும் செலவுக்குக் கூலி கிடையாது என்று எழுதுவேன். இது ஒன்றே பாதி வேலையைச் செய்யும், ஏனென்றால் இப்போது தாமதத்தால் நஷ்டப்படுவது அரசு மட்டும்தான். செலவுக் கணக்கு காட்டுவதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் வாங்குகிற துறை தானே கொடுக்கக் கூடாது, வெளியே ஒருவரிடம் கேட்க வேண்டும். திட்டம் போட்டுத் தந்த கம்பெனிக்கு அதே வேலையைப் போட்டியில்லாமல் தரக் கூடாது. இதை எதிர்ப்பவர்கள் நேரம் வீணாகும் என்பார்கள், ஆகும்தான், ஆனால் 2002 நவம்பரிலிருந்து 2003 மார்ச் வரை கையில் நாலு மாதம் இருந்தது.

ஆடிட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கும் ஆட்களில் பாதிப் பேரையாவது முதல் 90 நாட்களில் களத்துக்கு அனுப்பி, கூடவே துளையிடும் இடத்தின் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் அனுப்ப வேண்டும். 1941-ல் செனட்டர் ஹாரி ட்ரூமன், இதே செலவு போகக் கூலி முறையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ராணுவ முகாம்களைத் தானே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார், மிசூரியின் லெனார்ட் வுட் முகாமில் ஆட்கள் சும்மா நிற்பதையும் கட்டுமானப் பொருட்கள் மழையில் கிடப்பதையும் கண்டுவிட்டுத் திரும்பித்தான் விசாரணைக் குழு கேட்டார். அந்தக் குழுவுக்கு முதலில் கொடுத்த பணம் 15,000 டாலர், அப்போது முகாம்களில் கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டுதான் இருந்தது.